மோதிரத்தில் சுற்றிய நூல்

மோதிரம் நழுவாமலிருக்க ஹிலரி அதில் சுற்றியிருந்த சிவப்பு நூலை, நகை மதிப்பிடும் பார்ஜிட்டர் ஊசியால் பிரிக்கிறார். பர்மிங்காமின் மழை வெளிச்சம் அவர் வழுக்கையில் விழுகிறது. ஹிலரியின் அக்கா டோரீன், ஆறிப்போன டீயைப் பிடித்தபடி, அது போலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். அம்மாவைப் பதினோரு வருஷம் குளிப்பாட்டியவள் அவள். போன மாசம் அம்மா செத்த அன்றைக்கே, "எனக்குன்னு வெச்சிருந்தாங்க" என்று அம்மாவின் மோதிரத்தை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டவள் செல்லத் தங்கை ஹிலரி. "வெறும் முலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்கிறாள் டோரீன். "நீ சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்," என்கிறாள் ஹிலரி. பார்ஜிட்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி, உள்பக்கத்தில் அசல் தங்கத்துக்கு பர்மிங்காமில் குத்தும் நங்கூர முத்திரையையும், அதன் பக்கத்தில் வருஷத்தைக் குறிக்கும் எழுத்தையும் பார்க்கிறார். "அசல்தாங்க. நூத்தைம்பது வருஷம் இருக்கும்." டோரீன் ஆறின டீயை ஒரே மடக்கில் குடிக்கிறாள். "இந்தத் துண்டு மட்டும் புதுசு," என்று பார்ஜிட்டர் நூல் இருந்த இடத்தைக் காட்டுகிறார். "வெட்டி, தங்கம் சேர்த்துப் பெரிசாக்கியிருக்காங்க. ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. உங்க அம்மாவுக்குத் தடிச்ச விரலோ?" "குச்சி மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்ட ஹிலரியின் பார்வை, டீக்கோப்பையைப் பிடித்திருக்கும் டோரீனின் தடித்த விரல்களில் போய் நிற்கிறது. ஹிலரி அந்தச் சிவப்பு நூலை எடுத்து மோதிரத்தில் மறுபடியும் சுற்றுகிறாள், முன்னைவிட இறுக்கமாக.