நாற்பத்தைந்தாவது புள்ளி

"உள்ளே போயிடுடா ராசா! நிக்காதே, உள்ளே போயிடு!"

பக்கத்துப் பெண் போட்ட கத்தலில் ராய்ஸின் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலம் குலுங்கி, மேலே ஊற்றியிருந்த கறிக்குழம்பு கால்சட்டையில் சிந்தியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அதேதான் வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிய சிவப்புச் சட்டைக்காரன் கேசனுக்கு முன்னால் தடுக்க ஒரு ஆள் இல்லை. தாண்டினால் ஆறு புள்ளி தரும் எல்லைக் கோட்டுக்கு இன்னும் மூன்றே கெஜம். ஆனால் கேசன் நின்றான். சாவகாசமாகப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிவப்புக் கூட்டம் ஆர்ப்பரித்தது. வேலியோரம் நின்ற பிக்கப் வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன.

"பாவிப் பசங்க!" அந்தப் பெண் சாம்பல் நிறக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நாற்பத்தஞ்சு புள்ளி வித்தியாசம் வந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு எதுக்கு வெச்சிருக்காங்க? தோக்கறவங்க மேலே இரக்கப்பட்டுத்தானே? இப்ப நாற்பத்து மூணு. கோட்டைத் தாண்டித் தொலைச்சா என்னவாம்?"

"தாண்டினா ஆட்டம் முடிஞ்சுடுமே," என்றார் ராய்ஸ். "அவனுக்கு இன்னும் பதினோரு கெஜம் ஓடணும்மா. ஓடிட்டா, ஒரே ஆட்டத்திலே அதிக தூரம் ஓடினவன்னு பள்ளிக்கூடச் சுவர்லே பேர் எழுதுவாங்க. இப்ப அங்கே இருக்கிற பேரை அழிச்சுட்டு."

"யார் பேரு இருக்கு?"

"என் பேரு."

அவள் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருஷமா இருக்கு. அப்பல்லாம் இந்த ஊர்லே எண்ணெய்க் கிணறு ஓடிட்டிருந்தது, பசங்க இருந்தாங்க. பதினோரு பேர் ஆட்டம் ஆடினோம். இப்ப ஊரே காலியாகி ஆறு பேர் ஆட்டத்துக்கு வந்துட்டாங்க. நான் டல்லாஸுக்குப் போய் எவ்வளவோ காலமாச்சு. 'இன்னிக்கு உன் பேருக்கு ஆபத்து, வந்து பார்த்துக்கோ'ன்னு நண்பன் ஃபோன் பண்ணினான். அடிச்சுப் பிடிச்சு வந்தேன்."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சிரிக்காதேம்மா. வேற எங்கேயும் நான் ஜெயிச்சதில்லே. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு சுவர்தான்." ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார். "நீயே நியாயத்தைச் சொல்லு. ஆறு பேர் ஆட்டத்திலே மைதானம் சின்னது, ஆனா நடுவிலே ஓட எவ்வளவு இடம்! எங்க காலத்திலே எதிர்லே பதினோரு தடியனுங்க மதில் மாதிரி நிப்பானுங்க. நான் ஓடின ஒரு கெஜம் இவங்க ஓடற நாலு கெஜத்துக்குச் சமம். ரெண்டையும் எப்படி ஒரே சுவர்லே எழுதலாம்?"

"எதிர்லே பதினோரு பேர் நின்னாங்க, சரி. உங்களுக்கு வழி பண்ணிக் கொடுக்கவும் பத்துப் பேர் இருந்தாங்கல்ல?"

ராய்ஸ் கால்சட்டையில் சிந்தியிருந்த குழம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"களைச்சுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"வெளியே வந்துடுவேன். பெஞ்சிலே இருபது பேர் காத்துட்டிருப்பாங்க."

"இங்கே பெஞ்சே காலி சார்." அவள் கண் மறுபடியும் மைதானத்துக்குப் போயிருந்தது. "இடைவேளையிலே எவ்வளவோ கெஞ்சினேன், ஆடினது போதும்டான்னு. கேட்டாத்தானே? நான் கத்தறது மானம் போகுதாம், கிட்டே உட்காராதேன்னு துரத்திவிட்டுட்டான்."

கேசனின் அம்மாவா! ராய்ஸுக்குக் கூச்சமாகிவிட்டது. பெற்றவளிடமே போய் மகனுடைய சாதனை மட்டம் என்று சொல்லித் தொலைத்தாயிற்று.

"நல்லா ஓடறான்மா," என்றார் அவசரமாக. "நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சிவப்பு அணி தனக்கு மீதமிருந்த வாய்ப்புகளிலெல்லாம் பந்தை வேண்டுமென்றே வெளியே வீசி வீணாக்கியது. விதிப்படி, அதே மூன்று கெஜ இடத்தில் பந்து எதிராளியான நீல அணிக்குப் போயிற்று. அவர்கள் அதை முன்னால் கொண்டுபோனதும் பிடுங்கிக்கொண்டு, தூரத்திலிருந்து மறுபடியும் கேசனை ஓட விடுவது என்று திட்டம்.

"முடிஞ்சுது என் கதை," என்றார் ராய்ஸ்.

அந்தப் பெண் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, மறுபடியும் முட்டப் போறாங்க."

நீலச் சட்டையில் ஒரு மெலிந்த பையன் ஒற்றைக் கையால் பந்தை வாங்கினான். முன்னால் ஓடவில்லை. திரும்பினான். பின்னால் நாலு எட்டு நடந்து, தன் பக்கத்துக் கோட்டையே தாண்டி, பந்தை அணைத்தபடி மண்டியிட்டான்.

நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்தார். தன் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு விழுந்தால் எதிராளிக்கு இரண்டு புள்ளி. நாற்பத்து மூன்றும் இரண்டும் நாற்பத்தைந்து.

விசில். ஆட்டம் முடிந்தது. பதினோரு கெஜம் பாக்கி நிற்க, கேசன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"அடி சக்கை!" ராய்ஸ் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தார். "எவ்வளவு புத்தி! யார் பெத்த பிள்ளையோ, என் பேரைக் காப்பாத்திட்டான். அவன் கையைப் பிடிச்சுக் குலுக்காம இன்னிக்கு ஊருக்குப் போக மாட்டேன்." சட்டென்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. உன் பையனோட சாதனைதான் போயிடுச்சு."

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். கம்பளி தோளிலிருந்து நழுவியது. உள்ளே சட்டை நீலமாக இருந்தது.

"கையைப் பிடிச்சுக் குலுக்கிடாதீங்க சார், முதல் பாதியிலேயே அவனுக்கு விலாவிலே பலமா அடி," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மாத்து ஆள் இல்லாத பிள்ளைக்கு வெளியே வர வேற வழி தெரியலே."