தவமணி அக்கா பார்க்க மறுத்த கட்டுரை

"உதை நான் பாக்கக்கூடாது, கஜீவன். எடுத்துக்கொண்டு போம்."

தவமணி அக்கா கட்டுரையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைப்பை வாசித்ததும் மேசையில் அவன் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டார்.

கஜீவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மல்வேர்னில் இருக்கும் அவர் வீட்டுக்கு அவன் விழுந்தடித்து ஓடிவந்ததே இதற்காகத்தான். முகாமைத்துவ ஆய்விதழ் ஒன்றுக்கு அவன் ஆசிரியர். அக்கா பேராசிரியர். மேலாளர் காலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தால் அன்றைக்கு வேலை கூடுதலாக நடக்கும் என்று அவர் செய்த ஆய்வு உலகம் அறிந்தது. அதை நம்பி மிசிசாகாவில் எத்தனையோ மேலாளர்கள் விடிந்ததும் மேசை மேசையாக அலைகிறார்கள். அடுத்த மாதம் அந்த ஆய்வுக்காகவே அக்காவுக்குப் பெரிய விருது.

இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு கட்டுரை வந்து குதித்திருக்கிறது. அதே ஆய்வை எட்டு நிறுவனங்களில் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்தோம், ஒரு பலனும் தெரியவில்லை என்கிறது. கட்டுரையை ஏற்கும்வரை எழுதியவரின் பெயர் இதழாசிரியருக்கும் தெரியாது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

"நீங்களே ரிவியூ எழுதுங்கோ அக்கா. ரெண்டு பக்கத்தில பிழை பிடிச்சுத் தந்தா நான் திருப்பி அனுப்பிப்போடுவன்."

"பிழை இருக்கோ?"

"தேடினன். இன்னும் ஒண்டும் பிடிபடேல்லை."

"பிறகென்ன?"

அவன் பல்லைக் கடித்தான். "உது லக்சிகாவின்ர வேலைதான். உங்களிட்டைப் படிச்சுப்போட்டு உங்களோடயே கோவிச்சுக்கொண்டு போனவள். உங்கட பழைய கேள்விக்கொத்தை ஒரு எழுத்து மாறாமல் வைச்சிருக்கிறாள்."

"அதை நான் வெப்சைட்டில போட்டு எவ்வளவு காலம். ஆரும் எடுக்கலாம். லக்சிகா இப்பிடி ஒண்டு செய்தா எனக்குச் சந்தோசம்தான்."

"சரி, விருது முடியுமட்டும் இதைக் கிடப்பில போடுறன். ஒரு மாசம்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை.

"அப்பிடிச் செய்தா இனி இந்த வீட்டுப் பக்கம் வராதையும். புள்ளிவிவரம் தெரிஞ்ச வேற ரெண்டு பேரிட்டைக் குடும். அவையள் சரியெண்டா போடும், பிழையெண்டா எறியும். ஆர் எழுதினது, ஆருக்கு நட்டம் எண்டு பாக்கிறது உம்மட வேலை இல்லை."

"உங்கட பேர் போயிடும் அக்கா."

"இல்லாத ஒண்டை இருக்கெண்டு சொல்லிக்கொண்டு நான் மேடையில நிக்கவேணுமோ?"

கஜீவன் வெளியே வந்து காரில் ஏறினான். தன் தலையில் விழப்போகிற கல்லுக்கு வழிவிடுங்கள் என்கிறாரே, இப்படியும் ஒரு மனுசியா என்று அவனுக்கு இருந்தது. அந்த மனுசியைக் கவிழ்க்கப் பார்க்கிற லக்சிகாமேல் கோபம் கோபமாக வந்தது.

கட்டுரையை வாசித்த இரண்டு பேரும் லேசில் எதையும் ஒப்புக்கொள்கிறவர்கள் அல்லர். ஒருவர் ஒரு திருத்தமும் கேட்கவில்லை. மற்றவர், இவ்வளவு நேர்மையான வேலையைத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். கஜீவன் தானும் ஒரு முறை எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தான். அக்கா சொன்னதுபோல, சரியென்றால் சரிதான்.

விருது விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மனதைக் கல்லாக்கிக்கொண்டு 'ஏற்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்தினான். லக்சிகாவைத் திட்டுவதற்கு நல்ல சொல்லாக ஒன்றை வாயில் தயாராக வைத்திருந்தான்.

திரையில் எழுதியவரின் பெயர் திறந்தது: தவமணி சிவபாதம்.