நீலப் புடவை

பாகூர் ஏரிக்கரையில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. காலையிலேயே அங்கிருந்து பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்த ஒளிப்பதிவாளர் கலைவேந்தன், மனைவியை நீலப் புடவை கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"இன்னாங்க விசேஷம்?"

"கட்டிக்கினு ஜன்னலாண்ட ஒக்காரு."

அமுதவல்லிக்குக் கொசுவம் நிற்கவில்லை. விருதுகள் வாங்கிய அவருடைய கேமரா, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பியதில்லை.

"எத்தினி ஹீரோயினை எடுத்தாரு! எங்க அக்கா ஞாபகம் இப்பதான் வந்துச்சா மாமா?" என்று தங்கை குமுதா வாசலிலிருந்து சீண்டினாள்.

அவர் கேமராவை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார். "மொகத்தைக் கொஞ்சம் திருப்பு வல்லி. அப்படியே இரு."

தன்னை ஒருவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அது முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

கலைவேந்தன் போனில் உதவியாளரை அழைத்தார். "அன்பு, எங்க வூட்டு ஜன்னலே போதும்டா. ஹீரோயின் கட்டப்போற நீலப் புடவைக்கு வெளிச்சம் சரியா வுழுது. அவங்கள இட்டுக்கினு வா." பிறகு அவளிடம், "போதும், எழுந்துக்கோ," என்றார்.

அவள் எழவில்லை. "என்னை ஒண்ணு எடுங்க. எழுந்துக்கறேன்."

"வெளையாடாத. வெயில் ஏறிட்டா இந்த வெளிச்சம் போயிடும்."

"அதான் சொல்றேன், சீக்கிரம் எடுங்க."

வாசலில் கார் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் அவர் கேமராவில் கண்ணை வைத்தார். பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றது.

"வல்லி, மூக்குத்தி எங்க?"

"அது நம்ம பொண்ணு கல்யாணத்தப்பலேந்தே இல்லீங்க," என்றாள் அமுதவல்லி. "எடுங்க, அவங்க வந்துட்டாங்க."