பூட்டிய கேள்வி

ரூசே நகர லினக்ஸ் பயனர்களின் இணைய மன்றத்துக்கு நான் நிர்வாகி. பிப்ரவரியில் 'லியூபென்47' என்றொருவர், யுஎஸ்பி வைஃபை குச்சி வேலை செய்யவில்லை, வெளியூரிலிருக்கும் மகள் முகத்தை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அதே கேள்வி நான்காவது முறை. "பழைய பதில்களைத் தேடிப் படிக்கவும்" என்று எழுதிப் பூட்டிவிட்டேன். பூட்டிய கேள்வியில் வேறு யாரும் எழுத முடியாது.

ஏப்ரலில் எங்கள் கட்டட வாசலில் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி லியூபென், பிறப்பு 1947.

இறந்த நாற்பதாம் நாள், எங்கள் ஊர் வழக்கப்படி அவித்த கோதுமை கொடுக்க அவர் மகள் தேசிஸ்லாவா என் வீட்டுக்கு வந்தாள்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவராமே நீங்க. மேல வந்து பாருங்கண்ணே, அப்பா போட்டோ எல்லாம் எனக்கு அனுப்பிக்கணும். கடைசிவரைக்கும் அந்தக் குச்சியோட மல்லுக்கட்டினாரு."

மடிக்கணினிக்கு அடியில், நூலகத்தில் அச்செடுத்த தாள் இருந்தது. என் பதிலுக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

"எவனோ திமிர் புடிச்சவன்," என்றாள்.

"ஆமா," என்றேன்.

குச்சிக்கான டிரைவர் மென்பொருளை என் போனில் இறக்கி மடிக்கணினியில் நிறுவினேன். பத்து நிமிட வேலை. குச்சியில் நீல விளக்கு எரிந்தது.

பூட்டைத் திறந்து மன்னிப்புக் கேட்கலாமென்று, கீழே வந்ததும் மன்றத்துக்குள் போனேன். பூட்டு நான் போட்டபடியே இருந்தது. தலைப்பில் 'தீர்ந்தது' என்ற பச்சைக் குறி. கேள்வி கேட்டவர் மட்டுமே அதைப் போட முடியும். என் பதிலுக்குக் கீழே அவர் பெயரில் ஒரு வரி:

"மாடி ஏறி வந்தியே தம்பி, அது போதும்."