நிறுத்தத்துக்குக் காரணம்

கம்பிக் கட்டின் மேல் கிடந்த காலி சிமென்ட் பை கூட அசையவில்லை. ஆனால் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர் பதிவேட்டில் எழுதினார்: 'பலத்த காற்று. கிரேன் நிறுத்தம், இருபது நிமிடம்.'

எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரில் சூப்பர்வைசர்.

"எங்கய்யா காத்து?"

"மேல அடிக்குது சார்."

"ஒரு வாரமா, சொல்லி வச்ச மாதிரி, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அடிக்குமோ?"

சிக்னல்காரர் பேனாவை மூடினார். அவருக்குப் பின்னால், நாற்பது மீட்டர் ஏணியை இறங்கி முடித்த கிரேன் ஆபரேட்டர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கழிவறைப் பக்கம் ஓடினார்.

"அந்தாளு ஏன் ஓடுறாரு? காத்து தள்ளுதா?"

இதற்கு மேல் மறைக்க வழியில்லை.

"சார், அண்ணனுக்குச் சர்க்கரை. போன வாரம்தான் மாத்திரை ஆரம்பிச்சாங்க. வயித்தைப் போட்டுக் கலக்குது."

"சர்க்கரை மாத்திரைக்கும் வயித்துக்கும் என்னய்யா?"

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி குடியிருக்காம் சார். எல்லாம் கெட்டது இல்லையாம். சர்க்கரை வந்தா அந்தக் கூட்டமே தாறுமாறா ஆயிடுமாம். மாத்திரை உள்ள போனதும் பழசு சிலது காலி பண்ணுது, புதுசு குடி வருது. சாமான் ஏத்தி இறக்கி முடியற வரைக்கும் இந்த ரகளை இருக்கும்னு டாக்டர் சொன்னாராம். நிறையப் பேருக்கு மூணு வாரத்துல அடங்கிடுமாம்."

"வேற மாத்திரை கேக்க வேண்டியதுதானே?"

"இது கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்காரு. சர்க்கரையை அப்படியே விட்டா கண்ணைப் பிடிக்குமாம். கண்ணு போனா கிரேன் போச்சு. அடிக்கடி இறங்கறது மேலிடத்துக்குத் தெரிஞ்சாலும் கிரேன் போச்சு. நான் என்ன சார் பண்ண?"

சூப்பர்வைசர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சும்மாவா அவருக்குக் 'கல்லு' என்று பேர் வைத்திருந்தார்கள்!

"காத்து விஷயத்துல பொய் எழுதினா, நிஜமாவே காத்து அடிக்கிற அன்னைக்கு எவன்யா நம்புவான்? மேல உக்காந்திருக்கிறவன் உசுருய்யா அது. கொடு இப்படி. இனிமே இதை நான்தான் எழுதுவேன்."

பதிவேட்டைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் கைகால் கழுவும்போது சிக்னல்காரர் விஷயத்தைச் சொன்னார். ஆபரேட்டர் குழாயை மூடினார்.

"நாளையிலேருந்து மாத்திரையை நிறுத்திடறேன் தம்பி."

"ஐயோ, கண்ணு..."

"கண்ணு போறது எப்பவோ. வேலை போறது நாளைக்கு."

மறுநாள் சிக்னல்காரர் முதல் வேலையாக வாக்கி-டாக்கியில் கேட்டார்: "அண்ணே, சாப்பிட்டீங்களா இல்லையா, அதை?"

"உங்க அண்ணி விட்டாத்தானே? வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில கூடப் பாத்துட்டுத்தான் அனுப்பினா."

மதியம் வழக்கம்போல் வயிறு அழைத்தது. ஆபரேட்டர் பயந்து பயந்து இறங்கினார். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து எழுதினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த முறை இறங்கியபோதும் அப்படித்தான். வாரம் முழுக்க அப்படியே.

"ஒண்ணு விடாம எழுதறாருண்ணே. மொத்தமா சேத்து மாட்டிவிடப் போறாரு."

"கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டினாக்கூடத் தேவலைப்பா. இந்த மௌனம்தான் மாத்திரையை விட மோசமா வயித்தைக் கலக்குது."

சனிக்கிழமை தலைமைப் பொறியாளர் வந்தார். வந்ததும் பதிவேட்டைத்தான் கேட்டார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். முகம் சிவந்தது.

"எல்லாரையும் கூப்பிடு!"

கிரேன் அடியில் எல்லோரும் கூடினார்கள். ஆபரேட்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சிக்னல்காரர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே வாரத்துல பதினஞ்சு நிறுத்தம்! பதினஞ்சுக்கும் ஒரே காரணம்!"

ஆபரேட்டர் ஓரடி முன்னால் வைத்தார். "சார், நான்..."

பொறியாளர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவேட்டை சூப்பர்வைசரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"'சூப்பர்வைசர் வரத் தாமதம்.' பதினஞ்சு தடவை, உங்க கையெழுத்துலயே! நீங்க வந்து பாத்து சரின்னு சொல்றவரைக்கும் அவ்வளவு சுமையும் கீழேயே கிடந்திருக்கு. இந்த வயசுல இத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கறீங்களே, வெக்கமா இல்லை?"

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் சார். இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க. சரியாயிடும்."