வாசித்தவர் இப்ஹாம்

வானொலி அறிவிப்பாளராக வேண்டும் என்று இப்ஹாம் சொன்னபோதெல்லாம் வாப்பா சிரித்தார்.

"மௌத்துச் செய்தி, அடக்கச் செய்தி சொல்லத்தான்டா ஒன்ட குரல் சரி. போய் மிளகை நிறு!"

வாப்பாவின் மாத்தளைக் கடையில் வருடக்கணக்காக மிளகு நிறுத்தான். ஆளில்லாத நேரம் தராசுக்குச் செய்தி வாசித்து, "வாசித்தவர் இப்ஹாம்" என்று முடிப்பான்.

இன்றுதான் முதன்முதலாக ஒரு மைக் அவன் கைக்கு வந்தது, பள்ளிவாசலில்.

பாங்கு சொல்லும் முஅத்தின் சாலிஹ் தயங்கினார். "ஏலுமா தம்பி? நான் சொல்லட்டா?"

"வேணாம் நானா. நானே சொல்றேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டான். பிசிறில்லாத அந்தக் குரலுக்குத் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"ஜனாஸா அறிவித்தல். மிளகுக்கடை தாஸிம் ஹாஜியார் இன்று காலை வபாத்தானார்கள். நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பின். வாசித்தவர், அன்னாரின் மகன் இப்ஹாம்."