முப்பத்தெட்டு நிமிஷம்

ஆமா, வெட்டினேன். என் படத்துக்காக முப்பத்தெட்டு நிமிஷம் பேசினீங்க, முப்பத்தெட்டையும் நான்தான் வெட்டினேன். அதுக்கு இப்ப என்னங்கறீங்க, பெரியப்பா?

கத்தாதீங்க. மேடைக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல ஒரு பலகைதான். படம் முடிஞ்சு இருநூறு பேர் அந்தப் பக்கம் கை தட்டிட்டு இருக்காங்க.

நன்றி கெட்டவளா? சரி, இருந்துட்டுப் போறேன். கேமரா வாங்கிக் கொடுத்தது நீங்கதான், யாரு இல்லைன்னா? படத்துல முதல் எழுத்தே உங்களுக்கு நன்றின்னுதானே வருது?

பேரு பத்தாது, மூஞ்சியும் வரணுமா?

இது உங்க கதை இல்லை பெரியப்பா. தையக்காரக்கா கதை. ஊர்ல கலவரம் நடந்தப்ப எட்டு மாசக் கைக்குழந்தையோட, மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள பதினேழு நாள் உயிரைப் பிடிச்சுட்டு இருந்தாங்களே, அந்தக் கதை.

தெரியும். உங்க பெயிண்ட் கடைக்கு அடியில இருக்கிற கிடங்குல பதினாலு பேரை ஒளிச்சு வெச்சீங்க. அதுல எங்கம்மாவும் ஒருத்தி. அம்மா பிழைக்கலைன்னா நான் ஏது? இதைச் சொல்லிச் சொல்லித்தானே எனக்கு சோறே ஊட்டினீங்க. "வந்தது பதினாலு, பிழைச்சது பதினாலு." கேமரா முன்னாடி மட்டும் ஒன்பது தடவை சொன்னீங்க. எண்ணினேன்.

என்னது? தொட்டியில கிடந்த பொம்பளைக்கும் உங்க கிடங்குக்கும் என்ன சம்பந்தமா?

கொஞ்சம் உட்காருங்க. வேண்டாமா? சரி, நின்னுட்டே கேளுங்க.

வெளிச்சத்தம் வராதுன்னு அக்கா பேட்டியைக் கிடங்குல எடுத்த அன்னைக்கு, முட்டி வலின்னு நீங்க மேலயே இருந்துட்டீங்க. நான், அக்கா, சவுண்டு பிடிக்க வந்த என் க்ளாஸ்மேட், ஒட்டடைன்னு கூப்பிடுவோமே அவன், மூணு பேரும் இறங்கினோம். ஒரே இருட்டு. மூணாம் படியில உத்தரம் தலையில இடிக்கும்னு நான் சொல்றதுக்குள்ள அக்கா குனிஞ்சுட்டாங்க. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

அக்கா பேசி முடிச்சதும் ஒட்டடை சொன்னான், "அக்கா, ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடக் கூடாது. இந்த ரூமோட அமைதியைப் பதிவு பண்ணணும்."

"அமைதியை வெச்சு என்னப்பா பண்ணுவே?"

"வெட்டின இடம் தெரியாம இருக்க, மேல போட்டு ஒட்டுவோம்க்கா."

"அட, என் வேலைதான்னு சொல்லு!"

அப்புறம் அமைதி. நான் கேமராவை நிறுத்த மறந்துட்டேன். அக்கா சுவரோரமா ஒவ்வொரு இடமா விரலை நீட்டிட்டே வந்தாங்க. உதடு மட்டும் அசையுது. நடுவுல ஒட்டடைக்குத் தும்மல் வந்துச்சு. வெடிக்கறதுக்குள்ள அக்கா கை அவன் வாயைப் பொத்திடுச்சு. இருபத்துநாலு வருஷம் ஆச்சு பெரியப்பா. அந்தக் கை மறக்கலை.

மறுநாள் எடிட்டிங்ல அந்த விரல் கூடவே நானும் எண்ணினேன். பதினாறு. கடைசி ரெண்டும் கதவுப் பக்கம்.

நேரா அக்கா கடைக்கு ஓடினேன். மெஷின்ல உங்க பேத்தியோட ஸ்கூல் யூனிஃபார்ம்.

"அக்கா, பெரியப்பா பதினாலுங்கறார். நீங்க பதினாறு எண்ணியிருக்கீங்க."

"கதவுப் பக்கம் நானும் பாப்பாவும். நாலாம் நாள் வெளிய வந்துட்டோம்."

"நீங்களாவா வந்தீங்க?"

மெஷின் நின்னுச்சு. "புள்ளை அழுகையை நிறுத்தலைம்மா."

"கதவைத் திறந்து விட்டது யாருக்கா?"

அக்கா ஊசியில நூலைக் கோத்தாங்க. "உங்க பெரியப்பா பேசினதைப் படத்துல வெச்சிருக்கியா?"

"ஆறு நிமிஷம் வெச்சிருக்கேன்."

"எடுத்துடு. பேச்சுல சொன்ன பொய் காத்துல போயிடும். படத்துல போட்டா அவரை விட்டுப் போகவே போகாது. இந்த யூனிஃபார்ம் போடற பேத்தி அவர் கையைப் பிடிச்சுட்டுதான் தினம் ஸ்கூலுக்குப் போகுது. நாளைக்கு அது கணக்குப் போட்டுப் பார்க்கும். நான் எண்ணினதையும் சேர்த்து எடுத்துடு."

அம்மாகிட்ட வந்து கேட்டேன். அடுப்பை அணைச்சாங்க, ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

உங்களை வெட்டினது பொறாமையால இல்லை பெரியப்பா. உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் வெட்டினேன். அதுவும் யார் சொல்லி வெட்டினேன்னு இப்பப் புரியுதா?

இப்ப எதுக்கு உட்கார்றீங்க? எழுந்திருங்க. "வரலாத்தையே மறைச்சுட்டா, மேடையேறி நாலு பேர் முன்னாடி கேட்கறேன்"னுதானே வந்தீங்க? மைக் ஆன்ல இருக்கு. உங்க பேரைத்தான் கூப்பிடறாங்க. முதல் வரிசையில அக்கா. பக்கத்துல அந்த எட்டு மாசப் பாப்பா, இருபத்தஞ்சு வயசுல.

நான் வாயைத் திறக்க மாட்டேன். அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. உங்ககிட்ட யாரும் வாங்கலையே?

போங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்து, மைக்ல சொல்லுங்க. பதினாறு பேர் இறங்கின கிடங்குல, நாலாம் நாள் கதவைத் திறந்தது யார் கை?